4294967297 பகா எண்ணா? நிரல் ஒன்று சொல்கிறது, பட்டியல் வேறு சொல்கிறது

கேள்வி: கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க பைதானில் சின்ன நிரல் எழுதினேன். எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அதே எண்ணால் வகுத்து, மீதி 1 வந்தால் பகா எண் என்று சொல்லும். 4294967297 கொடுத்தால் மீதி 1 வருகிறது. ஆனால் ஒரு கணித மென்பொருள் இதே எண்ணுக்குப் பெரிய பட்டியலே தருகிறது: பகு எண், இரண்டே பகாக் காரணிகள் கொண்டது, வர்க்கக் காரணி இல்லாதது, குறைவெண், ஃபெர்மா எண், 2-ஐ அடியாக வைத்தால் போலிப் பகா எண், இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, மகிழ்ச்சி எண் அல்ல, ஹர்ஷத் எண் அல்ல... எதை நம்புவது? இத்தனை பெயர்களில் எதற்காவது பயன் உண்டா, இல்லை எல்லாம் சும்மா ஒட்டிவைத்த லேபிள்களா?

பதில்: அவசரச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பட்டியல்தான் சரி. 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4294967297 வந்து நிற்கும், அதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை. உங்கள் நிரலிலும் பிழை கிடையாது, மீதி உண்மையிலேயே 1-தான். நீங்கள் தேர்ந்தெடுத்த சோதனை இந்த எண்ணிடம் ஏமாந்துபோகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்வதற்கு முன் பட்டியலைக் கொஞ்சம் சலித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு எண்ணுக்கு ஏதாவது பண்பு சொல்லப்பட்டால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். இதே எண்ணைப் பத்தடிமானத்தில் எழுதாமல் இரும முறையிலோ ஏழடிமானத்திலோ எழுதினாலும் அந்தப் பண்பு நிற்குமா? நிற்கும் என்றால், அது புதிதாக ஏதாவது சொல்கிறதா, இல்லை பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் இன்னொன்றிலிருந்து தானாக வந்து விழுகிறதா? இந்த இரண்டிலும் தேறுவது கொஞ்சம்தான்.

முதல் கேள்வியிலேயே மூன்று பேர் வெளியே போய்விடுவார்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 என்பது பத்து விரல்களில் எண்ணப் பழகிய நம்மைப் பற்றிய செய்தி. ஹர்ஷத் எண் என்பது தன் இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண். கப்ரேக்கர் வைத்த பெயர் அது. நம் எண்ணின் பகாக் காரணிகள் இரண்டே, 59 அவற்றில் இல்லை, ஆகவே ஹர்ஷத் அல்ல. மகிழ்ச்சி எண் கதையும் இப்படித்தான். இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், 417, 66, 72, 53, 34, 25, 29, 85, 89 என்று வந்து, 89-க்குப் பிறகு 145, 42, 20, 4, 16, 37, 58, மறுபடி 89 என்று சுற்ற ஆரம்பித்துவிடும், 1-ஐ எட்டவே எட்டாது, அதனால் மகிழ்ச்சி இல்லை. இரும முறையிலோ எல்லா எண்களுமே மகிழ்ச்சி எண்கள்தான், ஒன்றுகூடத் தப்பாது! பொழுதுபோக்குக்கு நல்ல விளையாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இந்த எண்ணின் உள்ளமைப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இலக்கக் கூட்டுத்தொகைக்கு மட்டும் ஒரு சின்னப் பயன் உண்டு, 9-ஆல் வகுத்தால் வரும் மீதியை அது காட்டிக்கொடுக்கும். 641-க்கு மீதி 2, 6700417-க்கு 7, பெருக்கினால் 14, அதாவது 5. 59-க்கும் மீதி 5. பெருக்கலில் பெரிய தவறு நடந்துவிடவில்லை என்று மனதுக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ள இது போதும்.

இரண்டாவது கேள்வியில் இன்னும் இரண்டு போகும். இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்று சொன்ன பிறகு 'வர்க்கக் காரணி இல்லாதது' என்பது அதே செய்தியை மறுபடி சொல்வதுதான். குறைவெண்ணும் அப்படியே. ஒரு எண்ணின் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் எண்ணுக்குச் சமமாக வந்தால் செவ்விய எண், கூடினால் மிகையெண், குறைந்தால் குறைவெண், இது பழைய கிரேக்கர் காலத்துப் பாகுபாடு. நம் எண்ணுக்கு 1 + 641 + 6700417 = 6701059, எண்ணில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. இரண்டு பகா எண்களைப் பெருக்கி வரும் எந்த எண்ணும், 6 ஒன்றைத் தவிர, குறைவெண்ணாகத்தான் இருக்க முடியும். அதனால் இந்த லேபிளுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

மிச்சம் இருப்பது ஃபெர்மா எண். பட்டியலின் நடுவில் ஏதோ ஒன்றாக நிற்கிறதே, அதுதான் வேர். 4294967297 என்று எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய பத்து இலக்கம் மாதிரி இருக்கும் இந்த எண் உண்மையில் 2³² + 1. இரும முறையில் ஒரு ஒன்று, முப்பத்தொரு சுழி, கடைசியில் ஒரு ஒன்று, அவ்வளவுதான். உங்கள் நிரல் ஏமாந்தது உட்பட மற்ற எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

கதை 1640-ல் தொடங்குகிறது. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும், ஐந்துமே பகா எண்கள். இப்படி வரும் எண்களுக்குத்தான் ஃபெர்மா எண்கள் என்று பெயர். இப்படியே போனால் வருவதெல்லாம் பகா எண்கள்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார், அந்த ஆண்டுக் கடிதங்களில் எழுதவும் செய்தார், நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த அடுக்கு 32, அதாவது நம் எண். 1729 கடைசியில் கணிதர் கோல்ட்பாக் இந்த விஷயத்தை இன்னொரு கணிதரான இளைஞர் ஆய்லரின் காதில் போட்டார், ஆய்லர் 1732-ல் 641-ஐ எடுத்துக் காட்டினார்.

பத்து இலக்க எண்ணுக்குக் கையால் காரணி கண்டுபிடித்தாரே, எத்தனை வகுத்தல் போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 (அதாவது வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு), எனவே 2⁶⁴-இன் மீதி 1, அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் 1 வர வழியில்லை. பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்கில் மீதி 1 வந்தே தீரும் என்பதால், இதிலிருந்து அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் வகுபட வேண்டும் என்று வந்துவிடுகிறது. 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டி வரும் பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது. பின்னாளில், 1878-ல், லூக்கா இதைக் கூர்மையாக்கி 64-க்குப் பதில் 128 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 641-க்கு முன்னால் நிற்கும் ஒரே பகா எண் 257, அதுவோ இன்னொரு ஃபெர்மா எண், அது நம் எண்ணை வகுக்காது என்பது தனியாகத் தெரியும், ஏனென்று பிறகு சொல்கிறேன். ஆக, முயன்று பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641! ஃபெர்மாவே 2³⁷ − 1-க்கு 223 என்ற காரணியை ஏறக்குறைய இதே உத்தியால் கண்டுபிடித்தவர், இந்த எண்ணில் மட்டும் எப்படிக் கோட்டைவிட்டார் என்று பலரும் இன்னும் தலையைச் சொறிகிறார்கள்.

6700417 பகா எண்தானா என்றும் நீங்கள் கேட்க வேண்டும், கேட்காமல் நம்பக் கூடாது. அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்கும், காரணி இருந்தால் அதுவும் 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய பகா எண்ணாகத்தான் இருக்கும். அந்த எல்லைக்குள் 257-ஐ ஒதுக்கினால் 641, 769, 1153, 1409 மட்டுமே தேறும். நான்கு வகுத்தல், மீதிகள் முறையே 44, 120, 334, 622. முடிந்தது.

641 வகுக்கிறது என்பதை வகுத்துப் பார்க்காமலேயே காட்டும் ஒரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம், நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவதன்படி 5⁴-ஐத் தூக்கிவிட்டு −2⁴-ஐ வைக்கலாம். வைத்தால் −2³² என்பது 1-க்குச் சமம், அதாவது 2³² + 1-இன் மீதி சுழி. கால்குலேட்டரே வேண்டாம்.

இப்போது அந்த 257 விஷயம். ஐந்து ஃபெர்மா பகா எண்களையும் பெருக்குங்கள், 3 × 5 × 17 × 257 × 65537, விடை 4294967295. நம் எண்ணைவிடச் சரியாக இரண்டு குறைவு. அதனால் அந்த ஐந்தில் எதை எடுத்து நம் எண்ணை வகுத்தாலும் மீதி 2, ஒன்றுகூட வகுக்காது. இதே வாதம் எல்லா ஃபெர்மா எண்களுக்கும் பொருந்தும், எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. 1796-ல் காஸ் அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று கண்டார், அந்த ஆராய்ச்சி எந்தெந்தப் பலகோணங்களை வரையலாம் என்ற விதியாக வளர்ந்தது, வேறு எதையும் வரைய முடியாது என்ற மறுபாதியை 1837-ல் வான்ட்செல் நிரூபித்தார். பக்க எண்ணிக்கை, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களையும் 2-இன் அடுக்கையும் மட்டும் பெருக்கி வந்ததாக இருக்க வேண்டும் என்பதே விதி. அந்த விதிப்படி 4294967295 பக்கம் வரையலாம், ஒற்றைப்படையில் இன்று நமக்குத் தெரிந்த மிகப் பெரியது அதுதான். 4294967296-ம் வரையலாம், அது வெறும் 2³². அடுத்ததான 4294967297 பக்கத்தை வரைய முடியாது. அருகருகே மூன்று எண்கள், மூன்றாவதில் மட்டும் கதவு அடைபட்டுவிடுகிறது, காரணம் 641. (யாரும் வரையப் போவதில்லை, அது வேறு விஷயம்.)

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பண்பையும் சேர்த்துவிடுங்கள், அங்கே இருப்பவற்றில் பாதியைவிட இது மேல். 2³² + 1 என்பது 65536² + 1², ஆக இது இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பது பார்த்ததுமே தெரியும். 62264² + 20449² என்பதும் இதே எண்தான், போட்டுப் பாருங்கள். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும், இரண்டு விதம் கிடைத்துவிட்டால் அது கண்டிப்பாகப் பகு எண். அதோடு நிற்காமல் காரணிகளையும் இதிலிருந்தே உருவலாம், இதுவும் ஆய்லர் வழிதான். 65536-லிருந்து 62264 போக 3272, 20449-லிருந்து 1 போக 20448. இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 8, அதால் வகுத்தால் 409, 2556. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6700417! கழிப்பதற்குப் பதில் கூட்டிப் பாருங்கள், 127800, 20450, பொது வகுத்தி 50. அந்த 8-லும் 50-லும் பாதி எடுத்தால் 4, 25. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 16 + 625 = 641. இதை முதல்முறை போட்டுப் பார்க்கிற மாணவர்கள் எல்லோரும் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள்.

சரி, உங்கள் நிரலுக்கு வருவோம். நீங்கள் பயன்படுத்தியது ஃபெர்மாவின் சிறு தேற்றம். பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வந்தே தீரும் என்றுதான் அது சொல்கிறது, மீதி 1 வந்தால் பகா எண் என்று அது சொல்லவே இல்லை. மீதி 1 வந்தும் பகு எண்ணாக இருப்பவைதான் போலிப் பகா எண்கள். நம் எண் ஏன் அப்படி ஆனது என்று பாருங்கள்: 2³² + 1-ஆல் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1, 2⁶⁴-இன் மீதி 1. நீங்கள் உயர்த்திய அடுக்கு எண்ணைவிட ஒன்று குறைவு, அதாவது 2³², அது 64-ஆல் வகுபடும். ஆகவே மீதி 1 வந்தே ஆக வேண்டும், 641 இருந்தாலும் இல்லாவிட்டாலும். எல்லா ஃபெர்மா எண்களும் 2 என்ற அடிக்கு இப்படியே நடந்துகொள்ளும். 2-ஆல் கட்டிய எண்ணை 2-ஐ வைத்தே சோதித்தீர்கள், சோதனைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

எவ்வளவு துரதிர்ஷ்டம் என்று கணக்கிட்டும் சொல்ல முடியும். இந்த எண்ணுக்கு இந்தச் சோதனையை ஏமாற்றும் அடிகள் (2-க்குப் பதிலாக அடுக்குக்கு உயர்த்த எடுக்கும் எண்கள்) மொத்தம் 16384. 641-லிருந்து ஒன்று கழித்தால் 640, அதில் 2-இன் மிகப் பெரிய அடுக்கு 128, மற்றக் காரணியிலும் அதே 128, இரண்டையும் பெருக்கினால் 16384. 429 கோடிக்கு மேற்பட்ட அடிகளில் இவ்வளவுதான், கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடியை எடுத்தால் ஏமாற ஏறக்குறைய 262144-ல் ஒரு வாய்ப்பு. நீங்கள் 3 எடுத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். 1877-ல் பெப்பின் கண்டுபிடித்த சோதனை அந்த 3-ஐ வைத்துத்தான் ஃபெர்மா எண்களைத் தீர்த்துக்கட்டுகிறது.

இன்னொன்று, இது கணினி ஆளுக்கான செய்தி. நல்ல வேளையாகப் பைதானில் எழுதினீர்கள், அங்கே முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை. சி மொழியில் குறியில்லாத 64 பிட் மாறியில் இதையே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? 2-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 4, 16, 256, 65536, 4294967296, அடுத்த வர்க்கம் சரியாக 2⁶⁴, அது 64 பிட்டில் அடங்காமல் சுழியாகிவிடும், அதற்குப் பிறகு எல்லாமே சுழி. மீதி 1 வரவில்லை என்பதால் நிரல் 'பகு எண்' என்று அறிவிக்கும். விடை சரி, காரணம் முழுக்கத் தப்பு. இந்த மாதிரிப் பிழைதான் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். 32 பிட் மாறி என்றால் இன்னும் மோசம், எண்ணையே உள்ளே வைக்க முடியாது, 4294967297 என்று கொடுத்தால் 1 என்று பதிந்துகொள்ளும்.

நிரலைத் திருத்த, மில்லர்-ராபின் சோதனைக்கு மாறுங்கள், ஆனால் அதையும் 2 ஒன்றை மட்டும் வைத்து ஓட்டாதீர்கள். இந்த எண் அந்தக் கடுமையான சோதனையையும் 2-ஐ அடியாக வைத்தால் தாண்டிவிடும், வழியில் −1 வருகிறதா என்றுதான் அது பார்க்கிறது, 2³²-ல் −1 வந்துவிடுகிறதே. 2, 7, 61 என்ற மூன்று அடிகளை வைத்தால் 4759123141-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் விடை உறுதியாகச் சரி, நம் எண் அந்த எல்லைக்குள் வருகிறது. 64 பிட் முழுவதற்கும் வேண்டுமென்றால் 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களை அடியாக வையுங்கள், அதிலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

நம் எண்ணுக்கு அடுத்தும் ஃபெர்மா சொன்னது பலிக்கவில்லை. 65537-க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. 2³² + 1-ல் தொடங்கி அடுத்தடுத்து இருபத்தெட்டு ஃபெர்மா எண்கள் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது, அதற்கு அடுத்தது பகாவா பகுவா என்று தெரியாமலே நிற்கிறது.

திருத்திய நிரலுக்கு முதல் தீனியாக 18446744073709551617 கொடுங்கள், அது 2⁶⁴ + 1, பழைய நிரல் அதையும் பகா எண் என்றுதான் சொல்லும். பகு எண் என்று புது நிரல் சொன்னதும் காரணியையும் தேடச் சொல்லுங்கள். லூக்காவின் விதி இங்கே 256, ஆகவே 257, 513, 769 என்று 256 கூட்டிக்கொண்டே போனால் போதும். 1880-ல் லாண்ட்ரி இதன் காரணிகளைக் கண்டார், உங்கள் மடிக்கணினிக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது: 1071-ஆவது படியில், 274177-ல் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கேயாவது நின்றால் அந்த இடத்தில் நிரலை மறுபடி பாருங்கள்.